ஓடையில் தண்ணீர் கூடிவிட்டால் எப்படித் திரும்புவது?
மழைக்காட்டில் காலையில் ஓடையைக் கடந்து அருவிக்குப் போய்விடலாம், மாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் என்ன செய்வது, அட்டை கடித்தால் உப்பு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான், ஏனென்றால் மழைக்காடுகளில் பல இடங்களில் மதியத்துக்கு மேல்தான் மழை பிடிக்கும், அதுவும் மேலே மலையில் பெய்தால் கீழே இருக்கும் உங்களுக்குத் தூறல்கூடத் தெரியாது. அதனால் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் ஓடையைத் திரும்பக் கடந்துவிடுங்கள். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அருவியை விட்டு உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள், படம் எடுக்க நிற்கவே வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள், காத்திருங்கள். மழை விட்டால் சின்ன ஓடைகள் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதற்காகவே டார்ச்சும் கொஞ்சம் சாப்பாடும் கூடுதலாக வையுங்கள். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிடலாம்.

அப்புறம் அட்டை. உப்பும் தீயும் வேண்டாம், அதன் மெல்லிய முனையில் நகத்தை நுழைத்துத் தள்ளினாலே விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், கழுவிவிட்டு அழுத்திப் பிடியுங்கள்.