டீசல் முள் பொய் சொன்னால் மீட்டர் போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். சேலத்தில் பழைய வண்டி விற்கும் கடை ஒன்றில் எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு டீசல் பிக்கப் வாங்கினேன். நானேதான் ஓட்டுகிறேன். காபி, மிளகு மூட்டைகளையும் சீசனில் பலா, ஆரஞ்சையும் சேலம் லீ பஜார் சந்தைக்கு இறக்குவேன். கொஞ்ச நாளாக ஃபுல் டேங்க் அடித்தாலும் டீசல் முள் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. சில சமயம் காலி என்று விழுந்துவிடும். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் மறுபடி எழும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மீட்டர் போர்டையே மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? விற்றவரிடம் செலவைக் கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். குலுங்கினால் முள் எழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். எங்கோ ஒரு இணைப்பு விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பிக்கப் வண்டிகளில் அந்த இடம் பெரும்பாலும் டேங்க் பக்கம்தான் இருக்கும். டேங்க் சேஸிஸ் (அடிச்சட்டம்) ஓரத்தில் தொங்குவதால் சேறும் மழைத்தண்ணீரும் நேராக அதன் மேல்தான் அடிக்கும்.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. டீசல் ஏற இறங்க அதன் கையும் ஏறி இறங்கி, மின்தடைப் பட்டை ஒன்றின் மேல் உரசிக்கொண்டு நகரும். அங்கே மாறும் மின்தடையைத்தான் முள் அளவாகக் காட்டுகிறது. பல வண்டிகளில் டேங்க் நிறைந்தால் மின்தடை குறையும். அந்த வகையில் எர்த் ஒயர் (பேட்டரி மைனஸோடு சேரும் ஒயர்) துருப்பிடித்துக் கூடுதல் மின்தடை சேர்ந்தால், நிறைந்த டேங்கையும் முள் பாதி என்றுதான் காட்டும். சில கம்பெனி வண்டிகளில் இது தலைகீழ். எந்த வகை என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் சொன்னவர் டேங்க் கப்ளரை (டேங்கில் ஒயர் வந்து சேரும் இணைப்பை) கழற்றிப் பார்த்தாரா? பார்க்காமல் சொல்லியிருந்தால் அது ஊகம்தான். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கூடவே நின்று சோதிக்கச் சொல்லுங்கள். மலை ரோட்டில் சோதித்துப் பயனில்லை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவிலும் டீசல் டேங்குக்குள் பின்னும் பக்கவாட்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும். முள்ளும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த அளவு ஆட்டம் கோளாறில் சேராது.

முதலில் வெப்பநிலை முள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து தடுமாறினால் ஃப்யூஸ், போர்டுக்கு வரும் கரண்ட், போர்டின் எர்த் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். டீசல் முள் மட்டும் தடுமாறுகிறது என்றால் டேங்குக்குப் போங்கள். அங்கே எர்த்துக்குத் தற்காலிகமாக ஒரு ஒயரை பேட்டரி மைனஸிலிருந்து கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே முள் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கினால் போதும். இதைவிட மலிவான ரிப்பேர் வேறு இல்லை, அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

அப்படியும் சரியாகவில்லையா? சாவியை ஆன் செய்து கப்ளரைக் கழற்றினால் முள் ஒரு முனைக்குப் போக வேண்டும். முள்ளுக்குப் போகும் ஒயரைச் சில விநாடி மட்டும் எர்த்தில் தொட்டால் மறு முனைக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் போர்டும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு டேங்குக்குள் இருக்கிறது. முள் அசையவே இல்லை என்றால் இதே சோதனையைப் போர்டின் பின்பக்கத்தில் செய்ய வேண்டும். அங்கே அசைந்தால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. அங்கும் அசையவில்லை என்றால்தான் போர்டு மேல் பழி போடலாம். ஒரு எச்சரிக்கை: கம்ப்யூட்டர் வழியாக அளவு காட்டும் புதிய வண்டிகளில் இப்படி நேரடியாகத் தொடக் கூடாது. மல்டிமீட்டரும் ஸ்கேன் கருவியும்தான் வழி.

டேங்க் யூனிட்டை (மிதவையும் பட்டையும் சேர்ந்த பாகத்தை) வெளியே எடுத்தால் மிதவையின் கையை மெதுவாகத் தூக்கி இறக்கி, மல்டிமீட்டரில் ஓம்ஸ் சீராக மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் எண் துள்ளினாலோ விட்டுப்போனாலோ பட்டை தேய்ந்துவிட்டது, யூனிட்டை மாற்ற வேண்டியதுதான். மிதவை ஓட்டையாகி உள்ளே டீசல் புகுந்தாலும் முள் எப்போதும் குறைவாகவே காட்டும். டேங்கின் அடியில் கல் அடித்து ஒடுங்கியிருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள். ஒடுங்கிய இடத்தில் மிதவை தட்டி நின்றுவிட்டால், டீசல் தீர்ந்த பிறகும் கொஞ்சம் இருப்பதாக முள் காட்டும். எனக்கு அதிக பயம் இந்த வகைதான்.

ஏனென்றால், மலைப்பாதையில் டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்குவமும் வராது. ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பைப்பில் ஏர் பிடித்தால் டீசல் ஊற்றினாலும் வண்டி சட்டென்று கிளம்பாது. காமன் ரெயில் (டீசலை அதிக அழுத்தத்தில் பாய்ச்சும்) இன்ஜினில் பம்புக்கு உராய்வைத் தடுப்பதே டீசல்தான் என்பதால் பம்பும் அடி வாங்கும். சரி செய்யும் வரை சேலத்தில் ஃபுல் டேங்க் அடித்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த ஃபுல் டேங்கில் எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதி வையுங்கள். வெறும் வண்டியாக ஏறும் மைலேஜும் மூட்டையோடு இறங்கும் மைலேஜும் ஒன்றல்ல, அதனால் குறைந்த கணக்கையே நம்புங்கள். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைப்பது மட்டும் கூடவே கூடாது.

போர்டை மாற்றுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிலோமீட்டர் கணக்கும் அதில்தான் இருக்கிறது. நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குபவர் உங்கள் மேல் சந்தேகப்படுவார். மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் பழைய கிலோமீட்டரை பில்லில் எழுதி வாங்குங்கள். எந்த ரிப்பேரானாலும் செலவு விவரத்தை முன்கூட்டி எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்றவர் விஷயம். வியாபாரத்துக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிழைப்புக்காக மட்டுமே, சுயதொழிலாகப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். நீங்களே ஓட்டுவது உங்களுக்குச் சாதகம். ஆனால் விற்கும்போதே கோளாறு இருந்தது, அதை மறைத்தார்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும். எட்டு மாதம் ஓடிய பிறகு, அதுவும் கொஞ்ச நாளாகத்தான் கோளாறு என்று நீங்களே சொல்லும்போது, அது கடினம். எர்த் துருவுக்காக நுகர்வோர் ஆணையம் வரை போவது வீண். மிதவையைக் கழற்றிவிட்டுப் போலியாக எதையாவது பொருத்தியிருந்தது தெரியவந்தால் மட்டும் படம் எடுத்து, எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்கி, முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: ஒரே பங்க்கில் ஒவ்வொரு முறையும் 20 லிட்டர் போடுகிறேன். முள் ஒரு நாள் அதிகமாக ஏறுகிறது, ஒரு நாள் குறைவாக. அளவில் ஏமாற்றுகிறார்களா? (சேலம் வாசகர்)

பதில்: முள்ளை வைத்து பங்க்கைக் குற்றம் சொல்ல முடியாது. டேங்கின் வடிவம் மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதால் அதே 20 லிட்டர் வேறு வேறு அளவாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தாலோ, அளந்து காட்ட மறுத்தாலோ பில்லோடு தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். பில்லில் தேதியும் நேரமும் பம்ப் எண்ணும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.