350 வெள்ளியில் பிக்கப்புக்கு நல்ல ஸ்பீக்கர்

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றுகிறேன். வண்டி பழைய டொயோட்டா ஹைலக்ஸ். மின்னல் எஃப்எம் வைத்தால் இரண்டு கதவு ஸ்பீக்கரும் கரகரக்கின்றன. பட்டறைக்காரர் காட்டிய கடையில் ஆம்ப்ளிஃபையர், வூஃபர் எல்லாம் சேர்த்து 1,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 'பேக்கேஜ்' என்கிறார்கள். என்னிடம் இருப்பது 350 வெள்ளி. மாமாவின் லாரிக்கும் இதையே செய்யலாமா?

பதில்: அந்தப் பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம். அதில் பட்டறைக்காரருக்கும் ஒரு பங்கு இருக்கும். வாடிக்கையாளரைக் கூட்டிவந்தவரைக் கடை சும்மா அனுப்பாது.

முதலில் கதவு அட்டையைக் கழற்றி, இரண்டு கட்டைவிரலாலும் ஸ்பீக்கர் காகிதத்தைச் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உள்ளே மணல் உரசுவதுபோல் இருந்தால் அதன் கதை முடிந்தது. வழுக்கிக்கொண்டு போய்வந்தால் கோளாறு பிளேயரிலோ வயரிலோ இருக்கலாம்; அதைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. எப்போதோ கண்ணாடியை ரிப்பேர் செய்தவர் கிழித்துப் போட்டிருப்பார். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் ஸ்பீக்கர் பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். அதோடு, ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பறை, தவில் எல்லாம் தகரம் தட்டியதுபோல் கேட்கும். ஓட்டைகளை அடைத்துப் புதுத் தாள் ஒட்டுங்கள். வெளித் தகடு அதிராமல் இருக்க உள்ளே பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர் தாள்) நாலு துண்டு போதும். இதற்கு 80 வெள்ளி ஒதுக்குங்கள். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார், லாபம் கிடையாது.

ஒரு ஜோடி இருவழி கோஆக்சியல் ஸ்பீக்கருக்கு, அதாவது பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே கீச்சுச் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கரும் உள்ளதற்கு, 200 வெள்ளிக்குள் பாருங்கள். பெட்டியில் '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதை நம்பாதீர்கள். சாதாரண பிளேயர் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது சுமார் 15 முதல் 20 வாட்தான். யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம், கேட்க நாதியில்லை. நீங்கள் பெட்டியில் தேட வேண்டியது சென்சிடிவிட்டி என்ற வரி; கொடுக்கிற சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதை அதுதான் சொல்லும். அது 90 டெசிபெலுக்கு மேல் இருக்கட்டும். 87 உள்ள ஸ்பீக்கர் அதே சத்தம் போட இரண்டு மடங்கு சக்தி கேட்கும்.

வாங்கும் முன் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் ஓட்டையிலிருந்து கண்ணாடிவரை எவ்வளவு இடம் என்று ஒரு குச்சியை விட்டு அளந்துகொள்ளுங்கள். காந்தம் அதைவிட நீளமாக இருந்தால் கண்ணாடி இடிக்கும். பெட்டியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் மனுப்போட 5 வெள்ளிதான். ஆனால் விசாரணைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். அது கடைக்காரருக்கும் தெரியும்.

பொருத்தும்போது ஸ்பீக்கரின் மைனஸ் வயரை வண்டி பாடியில் கட்ட விடாதீர்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கட்டுவார்கள். இப்போதைய பிளேயரில் அப்படிச் செய்தால் பிளேயரே போய்விடலாம்.

சரி, மாமாவின் லாரி. அது 24 வோல்ட்டா என்று பாருங்கள். இரண்டு பேட்டரி தொடராக இணைத்திருந்தால் அநேகமாக அதுதான். ஸ்பீக்கருக்கு இதனால் ஒன்றுமில்லை, பிளேயருக்குத்தான் வம்பு. 12 வோல்ட் பிளேயரை வைத்துவிட்டு, ஒரு பேட்டரியில் மட்டும் கரண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். நன்றாகத்தான் பாடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கோ இரண்டும் சேர்ந்து ஒன்று. அது பிரித்துப் பார்க்காது. ஒன்று அரைவயிற்றோடு கிடக்க, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். 'பேட்டரி மட்டம் அண்ணே' என்று அதே ஆள் புதுசு விற்பார். 24 வோல்ட் பிளேயரே வாங்கலாம், இல்லையென்றால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர், 10 ஆம்பியர் போதும். பியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.