பயணம் கேளுங்கள்: நீஸுக்கு ரயில் போதும், கார் வடக்கே

கே: கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். பையன் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறான். ஜூனில் எட்டு நாள் பிரான்ஸ் கடற்கரை. நீஸில் இறங்கியதுமே கார் எடுத்து கான், மோனாகோ பார்த்துவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டு வடக்கே, பாறைத் தீவில் மடாலயம் இருக்கிற மோன் சன் மிஷேல் வரை போய், தினமும் ராத்திரி சமையலுக்காக மிஷலன் கையேட்டில் நட்சத்திரம் வாங்கிய ஒரு ஹோட்டலில் சாப்பிட ஆசை. சரிவருமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: வாழ்த்துகள். திட்டத்தில் பாதியை வெட்டினால் சரிவரும். நீஸுக்கும் மோன் சன் மிஷேலுக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஒன்று மத்தியதரைக் கடல் ஓரம், இன்னொன்று இங்கிலீஷ் கால்வாய் ஓரம். எட்டு நாளில் இரண்டு நாளை நெடுஞ்சாலைக்குத் தாரை வார்க்க வேண்டாம்.

நீஸ் பக்கம் போவதானால் கார் வேண்டவே வேண்டாம். கான், ஆன்தீப், நீஸ், மோனாகோ, மோன்தோன் எல்லாம் ஒரே ரயில் பாதையில், கடலை ஒட்டியே வருகிற ஊர்கள். கார் எடுத்தால் நாள் முழுக்க பார்க்கிங் தேடுவதுதான் வேலை. இன்னொன்று, சில்வர் பீச்சில் வெறுங்காலில் நடந்து பழகிய நமக்கு நீஸ் கடற்கரை பெரிய ஏமாற்றம், மணலே கிடையாது, முழுக்க கூழாங்கல். செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. மணல் வேண்டுமென்றால் ஆன்தீப் போங்கள்.

என்னைக் கேட்டால் தெற்கை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு, இந்த எட்டு நாளையும் பிரான்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கிற பிரிட்டனிக்கே கொடுங்கள். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் அங்குள்ள துறைமுக ஊரான சன் மாலோவுக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகாது, காரை அங்கே எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் காருக்கு வேலை, ஊர்கள் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கின்றன, பேருந்து எப்போதாவதுதான். பிரிட்டனிக்குள் நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணமும் இல்லை. ஜூனில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், ஆகஸ்ட் கூட்டமும் இருக்காது.

புதுச்சேரிக்காரனான எனக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாசமும் உண்டு. நம்மூர் தெருவில் பெயர் எழுதியிருக்கிறதே மாஹே தெ லாபோர்தொனே, 1746-இல் சென்னையைப் பிடித்தவர், அவர் பிறந்த ஊர் சன் மாலோ. தெற்கே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டினால் லொரியான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டுவதற்கென்றே 1666-இல் உண்டாக்கிய ஊர், பெயருக்கே கிழக்கு என்றுதான் பொருள். நம் துணி மூட்டைகள் போய் இறங்கிய துறைமுகம் அது. எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு முழுக் காலைப் பொழுதை அதற்கு ஒதுக்குங்கள்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம்மூரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் இருந்தாலே பெரிது, சன் மாலோவில் பெரிய ஏற்ற நாட்களில் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டும், அதாவது நாலு மாடி. காலையில் நடந்து போன தீவுக்கு மதியம் வழி இருக்காது. ஹோட்டலில் அன்றைய நேர அட்டவணையைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். மோன் சன் மிஷேலில் காரை இரண்டரை கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு இலவச பஸ்ஸில் போக வேண்டும்.

இனி சாப்பாடு. தினமும் ராத்திரி நட்சத்திர ஹோட்டல் என்பது மூன்றாம் நாளே திகட்டிவிடும், ஒவ்வொரு வேளையும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டு வேளை போதும், அதுவும் வார நாளில், மதியம். அதே சமையல்காரர், அதே அடுப்பு, ராத்திரி விலையில் பாதிக்குக்கூட மதியச் சாப்பாடு கிடைக்கும். அங்கே ‘மெனு’ என்றால் விலைப்பட்டியல் இல்லை, ஒரே விலைக்கு வரிசையாக வருகிற முழுச் சாப்பாடு. சர்வீஸ் கட்டணம் விலையிலேயே அடக்கம், ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். கேட்காவிட்டால் பாட்டில்தான், அதற்குத் தனிக் காசு. மிஷலன் என்பதே டயர் கம்பெனி, 1900-இல் காரோட்டிகளுக்காகப் போட்ட கையேடுதான் இப்படி வளர்ந்தது. இரண்டு நட்சத்திரத்துக்கு அவர்கள் வைத்த அர்த்தமே ‘இதற்காக வழியை விட்டுச் சுற்றிப் போகலாம்’ என்பதுதான்.

சன் மாலோவுக்குப் பக்கத்திலேயே கான்கால். அங்கே துறைமுகப் படிக்கட்டில் உட்கார்ந்து, எலுமிச்சை பிழிந்து பச்சையாகச் சிப்பி சாப்பிட்டுவிட்டு, காலி ஓடுகளைக் கடற்கரையில் வீசலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். என் மனைவி ஒன்றை வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகமிருக்கிறது, நான் ஒரு டஜன் முடித்தேன். அந்த ஊர்க்காரர்தான் ஒலிவியே ரொலாஞ்சே. பழைய கம்பெனிக் கப்பல்கள் கொண்டுவந்த மசாலாக்களை வைத்தே சமைத்து 2006-இல் மூன்று நட்சத்திரம் வாங்கி, 2008-இல் ‘எனக்குப் போதும்’ என்று திருப்பிக் கொடுத்தவர். அவருடைய மசாலாக் கடை அங்கே இருக்கிறது. ‘வடுவான்’ என்று ஒரு டப்பா கண்ணில் படும், மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், நம் வீட்டு மொட்டைமாடியில் காய்கிற வடவம்தான் அது, உருண்டையை உதிர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கே: வாடகை கார் எடுக்கும்போது எதில் ஏமாறுவோம்?
- வாசகர், லாஸ்பேட்டை

ப: நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். கார் என் பெயரில், கிரெடிட் கார்டு மச்சான் பெயரில். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லிவிட்டாள். முன்பணம் பிடித்துவைக்க, ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். மச்சானை ஓட்டச் சொல்லி, நான் மேப் பார்த்தேன், மூன்று நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

சொல்லாவிட்டால் கியர் வண்டிதான் வரும், ஆட்டோமேட்டிக் என்று முன்கூட்டியே கேளுங்கள். இடது பக்க ஸ்டியரிங்கில் வலது கையால் கியர் போட்டுப் பழக நேரமாகும், முதல் நாள் நான் கியர் தேடிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுங்கள், நம்மூர் போக்குவரத்து அலுவலகத்திலேயே தருகிறார்கள். சின்ன ஊர்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கச் சந்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை, அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ரவுண்டானாவில் மட்டும் உள்ளே சுற்றுகிறவனுக்கு. பங்கில் ‘கசோல்’ என்று எழுதியிருந்தால் அது டீசல், பெட்ரோல் காரில் ஊற்றிவிடாதீர்கள். சின்ன ஊர் வாடகை அலுவலகங்கள் மதியம் மூடும், ஞாயிறு சுத்தமாகப் பூட்டு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளை அதைப் பார்த்து வையுங்கள்.

கே: மாமியார் சுத்த சைவம். பட்டினி போட்டுவிடுவார்களா?
- வாசகி, முத்தியால்பேட்டை

ப: சைவம் என்றால் மீன் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் அங்கே நிறைய. ‘நி வியாந்த், நி புவாசோன்’ என்று சொல்லுங்கள், கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம். பிரிட்டனியில் ‘கலெத்’ என்று பக்வீட் மாவில் வார்க்கிற தோசை எங்கும் கிடைக்கும், சீஸும் காளானும் வைத்துக் கேளுங்கள். பெரிய ஹோட்டலாக இருந்தால் முன்பதிவின்போதே எழுதிவிட வேண்டும், போய் உட்கார்ந்து சொன்னால் சாலட்தான்.

கே: பாரிஸ் பக்கம் சித்தப்பா வீட்டில் முதலில் தங்குகிறோம். அவருக்கு அம்மா நெய்யும் கருவாடும் கொடுத்தனுப்புகிறார்கள். விடுவார்களா?
- வாசகர், கடலூர் முதுநகர்

ப: முதலில் விசாவுக்கு, சித்தப்பா அவர் ஊர் மேரியில் வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். நம் பீச் ரோடு மேரி மாதிரிதான், நகராட்சி அலுவலகம். அதைச் சீக்கிரமே கேட்டுவிடுங்கள்.

நெய் கூடாது, பால்கோவாவும் கூடாது, பாலிலும் இறைச்சியிலும் செய்த எதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பாவில் தடை. பச்சைக் கறிவேப்பிலையையும் எடுத்துவிடுவார்கள். ஆனால் மீனுக்கு ஆளுக்கு இருபது கிலோ வரை அனுமதி உண்டு, கருவாடும் அதில் சேர்த்தி. மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டி, கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள்.