18 மி.மீ. மரைன் பிளைவுட்டை சிஎன்சி ரூட்டரில் வெட்டினால் மேல் ஓரம் பிய்கிறது. எந்த பிட் போடலாம்?

கீழக்கரையில் பட்டறை, 6 மி.மீ. அப்கட் பிட் (தூளை மேலே தள்ளும் முறுக்குள்ள வெட்டுமுனை), மேல் வெனீர் (மெல்லிய மரத்தாள் அடுக்கு) சிராய் சிராயாகக் கிளம்புகிறது, அடிப்பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதிலேயே இருக்கிறது. அப்கட்டின் முறுக்கு நாரை மேலே இழுக்கும். அடி வெனீருக்கு மேலே மற்ற அடுக்குகள் தாங்கிக்கொள்ளும். மேல் வெனீரைப் பிடிக்க எதுவும் இல்லை. நாருக்குக் குறுக்கே வெட்டும் பக்கத்தில்தான் அதிகம் பிய்யும். நாரைக் கீழே அழுத்தும் டவுன்கட் போட்டால் மேலே சரியாகும், ஆனால் தூள் பள்ளத்துக்குள்ளேயே அடைந்து சூடேறும். அடியில் போட்ட எம்டிஎஃப் பலகை பழைய வெட்டுகளால் குழிந்திருந்தால் அடி வெனீரும் போகும்.

இரண்டு பக்கமும் தெரியும் வேலைக்குக் கம்ப்ரஷன் பிட் வாங்குங்கள், சாலிட் கார்பைடில். இதில் நுனி அப்கட், அதற்கு மேலே டவுன்கட். ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) பலகையின் பீனாலிக் பசை கடினமானது. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) முனை சீக்கிரம் மழுங்கிவிடும்.

கம்ப்ரஷன் போட்டும் பிய்கிறது என்பவர்கள் பெரும்பாலும் முதல் பாஸை (பிட் கோட்டில் ஓடும் முதல் சுற்றை) 3 மி.மீ. ஆழத்தில் ஓட்டுகிறார்கள். பிட்டின் நுனிப்பகுதி அப்கட்தான். அந்த ஆழத்தில் அது மட்டுமே வெட்டும், அதுவும் மேல் வெனீரில். நுனியின் அப்கட் நீளத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். 6 மி.மீ. என்றால் முதல் பாஸ் 8, அடுத்தது 13, கடைசி 18.3. பலகையின் உண்மையான கனத்தைக் காலிப்பரில் பார்த்துவிட்டுக் கடைசி எண்ணை வையுங்கள். பிட் இறங்கும் இடம் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கம் இருக்கட்டும். சாய்வாக இறங்கும்போதும் நுனிதான் முதலில் மேற்பரப்பைத் தொடும்.

சின்ன மெஷின் 8 மி.மீ. ஆழத்தைத் தாங்காதா? டவுன்கட்டில் 3 மி.மீ. வரை கோடு போட்டு, பிட் மாற்றி, இசட் ஜீரோவை (பிட் நுனியின் உயரத் தொடக்கப் புள்ளியை) மறுபடி வைத்து, மீதியை அப்கட்டில் முடியுங்கள். நேரம் கூடும், ஓரம் அதே சுத்தம்.

வேகம்: நிமிடத்துக்கு 18,000 சுற்று × 2 ஃப்ளூட் (வெட்டும் விளிம்பு) × ஒவ்வொரு விளிம்பும் ஒரு சுற்றில் சீவும் 0.12 மி.மீ. = நிமிடத்துக்கு 4,320 மி.மீ. ஃபீடு (பிட் நகரும் வேகம்). அவ்வளவு ஓடாத மெஷினில் 12,000 சுற்றும் 2,400 மி.மீ. ஃபீடும் வையுங்கள். சுற்றைக் குறைக்காமல் ஃபீடை மட்டும் குறைத்தால் பிட் வெட்டாமல் உரசும்; ஓரம் கருகும். தூளைக் கையில் எடுத்துப் பார்த்தால் சிறு சீவலாக இருக்க வேண்டும், மாவாக இருக்கக் கூடாது.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் காலட்டையும் (பிட்டை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையத்தை) கவனியுங்கள். உள்ளே லேசாகத் துரு பிடித்தாலே பிட் ஆடும், எவ்வளவு நல்ல பிட்டும் பிசிறடிக்கும். பிட் மாற்றும்போதெல்லாம் காலட்டையும் அது உட்காரும் கூம்பையும் துடையுங்கள். இரவில் கழற்றி, மெல்லிய எண்ணெய் பூசி, மூடிய டப்பாவில் வைத்து, காலையில் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எண்ணெய் இருந்தால் பிட் வழுக்கும். கால் அங்குல பிட் 6.35 மி.மீ.; அதை 6 மி.மீ. காலட்டில் திணிக்காதீர்கள்.