வெளியே ரத்தமில்லை, உயிர் போனது ஏன்?

கேள்வி: தென்னையிலிருந்து விழுந்த எங்கள் ஊர்க்காரர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே சொட்டு ரத்தமில்லை. ஆட்டோவில் உட்காரவைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம், வழியிலேயே இறந்துவிட்டார். எலும்பு முறிந்தால் உயிர் போகுமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: போகும். காலூன்றி விழும்போது அதிர்ச்சி குதிகாலிலிருந்து இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் ஏறும். இடுப்பெலும்புகள் சேர்ந்த வளையம் உடைந்தால் அதன் பின்புறச் சிரைகள் கிழிந்து, 2 லிட்டருக்கு மேலும் ரத்தம் உள்ளேயே தேங்கலாம். உடம்பில் மொத்தமே சுமார் 5 லிட்டர்தான். பைக் விபத்தில் தொடையெலும்பு முறிந்தாலும் 1 முதல் 1.5 லிட்டர் தசைக்குள் இறங்கிவிடும். தொடை வீங்குவது மட்டுமே தெரியும்.

முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, தாகம் என்று கேட்டால் ஆபத்து. பாவமென்று தண்ணீர் கொடுக்காதீர்கள்.

108-ஐ அழையுங்கள். உட்காரவைக்காதீர்கள், புரட்டாதீர்கள். இடுப்பை அழுத்திப் பார்க்கவே கூடாது. உறைந்த ரத்தக்கட்டு கலைந்து மறுபடி ஒழுகும். நீளமாக மடித்த வேட்டியை முழங்கால் மடிப்புக்கு அடியில் நுழைத்து, மெல்ல மேலே நகர்த்தி, தொடையின் வெளிப்பக்கம் மேலே புடைத்திருக்கும் எலும்பின்மேல் இறுக்கிக் கட்டுங்கள். பலர் வேட்டி கட்டும் இடத்திலேயே கட்டிவிடுகிறார்கள். அது அதிக உயரம், உடைந்த வளையம் நெருங்கி ரத்தக்கசிவு குறையாது. முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுங்கள்.