தோட்டத்தை அடமானம் வைத்து ஒரு கல்லூரி சீட்டா?

உடுமலைப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கட்-ஆஃப் 148. ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு, நாலு வருடத்துக்கும் சேர்த்து 12 லட்சம் என்று பேச்சு முடியும் கட்டம். தோட்டத்தில் ஒரு பகுதியை அடமானம் வைக்க வீட்டுக்காரர் தயார். பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் பெரியப்பா மகன் வேறு, "சித்தி, கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதிலும் சேர்த்துடாதீங்க" என்கிறாராம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "இவனோ எந்நேரமும் மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தொட்டி நிறைந்தால் தானாக நிற்கிற மாதிரி ஏதோ போர்டு செய்து மாட்டியிருக்கிறான்."

அம்மா, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். பணம் கைமாறப் போகிற நேரத்தில் அந்த ஆறுதலால் ஒரு பயனும் இல்லை. அந்தச் சீட்டை வாங்காதீர்கள்.

முதலில் கணக்கு. 12 லட்சத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலே வட்டி மட்டும் மாதம் 10,000 ரூபாய். அசல் அசையாமல் அப்படியே நிற்கும். வீட்டில் தாத்தா காலத்திலிருந்து யாரும் பட்டம் படித்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகைக்குத் தம்பி தகுதியானவன். ஆனால் அது அரசு கவுன்சலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. கையில் இருக்கும் சலுகையை விட்டுவிட்டுக் கடனைத் தேடிப் போவானேன்?

பெரியப்பா மகன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த வழியை அவர் சொல்கிறார். நானும் பல வருடம் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைத்தவன்தான். என் டீமில் மெக்கானிக்கல் படித்தவர் இருந்தார், சிவில் படித்தவர் இருந்தார், கலைக் கல்லூரியில் கணிதம் முடித்து வந்தவரும் இருந்தார். அங்கே போய்ச் சேர வழிகள் பல உண்டு. அவை எல்லோருக்கும் தெரிந்தவை, அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் பேச வந்தது உங்கள் கடிதத்தின் அந்தக் கடைசி வரியைப் பற்றி. தம்பி தொட்டிக்குச் செய்திருப்பது விளையாட்டு இல்லை, அதுவும் ஒரு தொழில். எம்பெடட் புரோகிராமிங் என்பார்கள். வாஷிங் மெஷின், பஸ் கண்டக்டர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷின், இப்போது வரும் பைக்கில் பெட்ரோலை அளந்து விடும் இன்ஜெக்‌ஷன், எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குள் யாரோ எழுதிய நிரல் ஓடுகிறது. பசங்கள் பழகும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். உங்கள் கடிதமே அந்த 2 கிலோபைட்டில் அடங்காது (யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் பிடிக்கும்). அந்த இடுக்கில் வேலையை முடிக்க இன்றைக்கும் பெரும்பாலும் சி மொழிதான். 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது.

தம்பியின் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் விளிம்புக்கு வரும்போது அலையடிக்கும். மிதவை சுவிட்ச் மேலும் கீழும் ஆடும். அதை அப்படியே நம்பும் நிரல், ரிலேயை (மோட்டாருக்குக் கரன்ட்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) கடகடவென்று போட்டு அணைக்கும். கொஞ்ச நாளில் ரிலே முனை கருகும், மோட்டாரும் சூடேறும். அதனால் மேலே ஒரு மட்டம், கீழே ஒரு மட்டம் வைத்து, சில விநாடி பொறுத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்கும்படி எழுத வேண்டும். அப்புறம் மும்முனை கரன்ட்டில் ஒரு முனை போனால் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும், கிணறு வற்றினால் வெறும் ஓட்டம் ஓடாமல் பார்க்க வேண்டும். நிரலே எங்காவது சிக்கி நின்றுவிட்டால்? அதற்கு வாட்ச்டாக் டைமர் உண்டு. குறித்த நேரத்துக்குள் நிரலிடமிருந்து சிக்னல் வராவிட்டால் சிப்பை அதுவே ரீசெட் செய்துவிடும். ராத்திரி மும்முனை கரன்ட் வரும்போது செல்போனிலேயே மோட்டாரைப் போடுகிறார்களே, அந்த ஸ்டார்ட்டருக்குள் இருப்பது இத்தனையும்தான்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, புரோகிராமிங் இனி எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சி நிரலை ஏ.ஐ. எழுதித் தரும், நானும் எழுதச் சொல்கிறேன். ஆனால் ரிலே ஏன் ஆடுகிறது என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கத் தோட்டத்துக்கு ஆள்தான் போக வேண்டும்.

கவுன்சலிங்கில் தம்பியின் கட்-ஆஃபுக்கு ஈ.சி.இ., ஈ.இ.இ., இன்ஸ்ட்ருமென்டேஷன் இவற்றில் எது கிடைத்தாலும் எடுக்கலாம். கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். லேப் சாயங்காலம் திறந்திருக்குமா, ஆசிலோஸ்கோப்பை (சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) மாணவன் கையில் கொடுப்பார்களா என்று கேளுங்கள். பட்டம் முடிந்து இன்னும் ஆழமாகப் போக நினைத்தால், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் எம்பெடட் சிஸ்டம்ஸ் முதுநிலை டிப்ளமோ இருக்கிறது, சி-கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேலைக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கோவையின் பம்பு, மோட்டார் தொழிற்சாலைகள், ஓசூரின் வாகன ஆலைகள், ஸ்ரீபெரும்புதூரின் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் எல்லாவற்றுக்கும் இந்த வேலை தெரிந்தவர்கள் தேவை. சின்ன நிறுவனத்தில் முதல் சம்பளம் பெரியப்பா மகனுடையதை விடக் குறைவாக இருக்கலாம். கல்யாண வீட்டில் அதைச் சொல்லிக் காட்டவும் ஆள் இருப்பார்கள். கடன் இல்லாத வீட்டுக்கு அது தாங்கக்கூடியதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. இதையும் தம்பி மேல் திணிக்காதீர்கள். இந்தக் கடிதத்தை அவனிடமே படிக்கக் கொடுங்கள். "எனக்கு இது பொழுதுபோக்குதான், படிக்க வேறு ஆசை" என்று அவன் சொன்னால், அந்த ஆசையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பற்றிப் பேசலாம்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே ஈ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலைத் தம்பியே உட்கார்ந்து நிரப்பட்டும். பாஸ்வேர்டை பிரவுசிங் சென்டர்காரரிடமோ கல்லூரி ஏஜென்டிடமோ கொடுக்க வேண்டாம்.