மகனை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் வழக்கு வருமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை செய்கிறேன். 19 வயது மகன் நாகர்கோவில் அருகே ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, துவைக்க எடுத்த துணிகளுக்குள் ஒரு கஞ்சாப் பொட்டலம் இருந்தது. அவன் அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டாள். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு குடிப்பதையும் ஒத்துக்கொண்டான். மருத்துவரிடம் காட்டினால் காவல்துறைக்குத் தகவல் போய்விடுமா? கல்லூரிக்குச் சொல்ல வேண்டுமா? ஏதாவது மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடலாமா?

பதில்: புறநோயாளிப் பிரிவில் பெற்றோர் பலர் மகனை வெளியே நிறுத்திவிட்டு, தாங்கள் மட்டும் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "சாரே, கேஸ் ஆவுமா?" என்றுதான் தொடங்குவார்கள். ஆகவே அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை கேட்டு வந்தவரைப் பற்றிக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு இல்லை. மது, போதைப்பொருள் பழக்கத்தால் வரும் பாதிப்புகளை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாகவே கருதுகிறது. மற்ற நோயாளிகளுக்கு உரிய ரகசியக் காப்பு இவர்களுக்கும் உண்டு. விபத்தில் அடிபட்டோ நினைவிழந்தோ ஒருவர் கொண்டுவரப்பட்டால் மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிப்பது வழக்கம்தான். நீங்களாக மகனைக் கூட்டிக்கொண்டு போவது அந்த வகையில் சேராது.

சட்டம் பற்றி மாணவர்களிடையே ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: ஒரு கிலோவுக்குக் குறைவாக வைத்திருந்தால் குற்றமில்லை என்பது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பயன்படுத்துவது மட்டுமே குற்றமாக இருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஹெராயின், கொக்கெய்ன் என்றால் ஓராண்டு வரை. மாணவர்கள் வழக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் வேறு. நான்கு பேர் ஜிபேயில் ஆளுக்கு இருநூறு அனுப்ப, ஒருவன் போய் வாங்கி வந்து பிரித்துக் கொடுக்கிறான். அவன் ஒரு பைசா லாபம் பார்க்காமல் இருக்கலாம். வழக்கு என்று வரும்போது, வாங்கி விநியோகித்தவனாக நிற்பது அவன்தான், அதற்குச் சான்று அவனுடைய கைப்பேசியிலேயே இருக்கிறது. உங்கள் மகன் பொட்டலத்தை வாங்கியவனா, வேறொருவனுக்காக வைத்திருந்தவனா என்பதை, கோபம் தணிந்த ஒரு நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் போட்டது முடிந்துபோன செய்தி. அதையே பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் பலர் அறிந்திருப்பதில்லை. போதைக்கு அடிமையான ஒருவர் மீது பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்காகவோ வழக்கு வந்திருந்தாலும், அவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்கு பெற அது வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். உங்கள் மகன் மீது வழக்கு ஏதும் இல்லை. ஆனாலும் சட்டமே சிகிச்சையை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

மதுவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அது 23. வயதைவிட எனக்குப் பெரிய கவலை இருசக்கர வாகனம். ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லி பிராந்தியில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஓர் இளைஞன் அதை நள்ளிரவில் குடித்து முடித்தால், 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்குக் கீழே வர ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். காலை ஆறரைக்குக் குளித்து, காப்பி குடித்து, தெளிவாக இருப்பதாக நினைத்து அவன் வண்டியை எடுக்கும்போதும், வரம்புக்கு மேலேதான் இருப்பான். முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. குளியல், காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் கல்லீரலின் வேகத்தைக் கூட்டுவதில்லை.

விடுதி அறைகளில் நடக்கும் இன்னொன்றையும் மகனிடம் சொல்லி வையுங்கள். அளவு மீறிக் குடித்தவனை 'உறங்கட்டும், தெளிஞ்சிரும்' என்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் அவன் காலையில் எழமாட்டான். தட்டியும் கிள்ளியும் விழிக்காதவன், நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக மூச்சு விடுபவன், உதடு நீலம் பாய்ந்தவன் ஆகியோரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ மதுவோடு சேர்ந்திருந்தால் மூச்சு இன்னும் சீக்கிரம் அடங்கும். காப்பாளருக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்கும் அரை மணி நேரத்தில்தான் உயிர் போகிறது.

கஞ்சாவில் நான் முதலில் கவனிப்பது உறக்கத்தையும் சந்தேகத்தையும். யாரோ பின்தொடர்கிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அவன் சொல்லத் தொடங்கியிருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். இரத்த உறவில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சா கூடுதல் ஆபத்து. நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், பசியின்மை, உறக்கமின்மை வரும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நாள்களில் அவன் கதவை அறைந்து சாத்தினால் அதைத் திமிர் என்று எண்ணாதீர்கள். தினமும் மது குடிப்பவர் திடீரென நிறுத்துவதோ வேறு. வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும் என்பதால் அதை மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் உண்டா என்பதையும் மருத்துவர் தனியே கேட்பார். அப்போது நீங்கள் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

எங்கே போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையில் சென்று, புறநோயாளி சீட்டு போட்டுக் காட்டலாம். அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கின்றன. தனியார் மறுவாழ்வு மையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேனில் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் இடத்தை நம்பாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 19 வயதானவனை அவன் சம்மதமின்றி அப்படி அடைத்து வைப்பது சட்டப்படி தவறு. தவிர, நீங்கள் எழுதியிருக்கும் நிலைக்கு உள்நோயாளிச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

மகனிடம் எப்படித் தொடங்குவது என்றும் தெரியாமல் இருப்பீர்கள். பொட்டலத்திலிருந்து தொடங்காதீர்கள். "மக்களே, ராத்திரி உறக்கம் வருதா?" என்று அவன் அம்மா கேட்கட்டும். மூத்த மாணவர்கள் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தார்களா என்றும் கேளுங்கள். அப்படியானால் அது ராகிங். 1800-180-5522 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

கல்லூரியைப் பொறுத்தவரை, முதலில் மருத்துவர், பிறகு கல்லூரி என்ற வரிசையை மாற்ற வேண்டாம். விடுதியிலிருந்து நீக்குவதும் இடைநீக்கம் செய்வதும் நிர்வாகத்தின் கையில் இருப்பதால், வெறுங்கையோடு போய் ஒப்புக்கொள்வதைவிட, சிகிச்சையில் இருக்கிறான் என்ற நிலையில் போவது நல்லது. எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. நம்பக்கூடிய ஒரு வகுப்பு ஆசிரியர் போதும். அடுத்த பருவத்தில் விடுதியை விட்டு வீட்டிலிருந்து பேருந்தில் போய்வர முடியுமா என்று பாருங்கள், குறைந்தபட்சம் அறையையாவது மாற்றக் கேளுங்கள். சிகிச்சைக்காக வகுப்புக்குப் போகாத நாள்களுக்கு மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்; அதில் 'சிகிச்சையில் இருந்தார்' என்று இருந்தால் போதுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். வருகைப் பதிவு குறைந்தவர்களின் பட்டியல் தேர்வுக்கு முன் தயாராகும்; சான்றை அதற்கு முன்பே அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பம் வாங்கி வையுங்கள்.